சேரன்மாதேவியில் இரு பந்திகள்

பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் பாய்ந்து, நெல்லைச் சீமையின் வயல்களை நனைத்துக் கடல் சேரும் தாமிரபரணி, எவரிடமும் குலம் கேட்டுத் தண்ணீர் தந்ததில்லை. அதன் கரையிலேதான், ஒரே பள்ளியின் பிள்ளைகளுக்கு இரு பந்திகள் போடப்பட்டன!

முதியோர் என்றால் பழமை, இளையோர் என்றால் புதுமை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சேரன்மாதேவி வேறு பாடம் சொல்கிறது, தோழர்களே!

1922இல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய தமிழ்க் குருகுலம் சேரன்மாதேவியில் நடந்தது. ஐயர் சாதாரண மனிதரல்லர். இலண்டனில் சட்டம் பயின்றவர், வெள்ளையரின் பிடிக்குத் தப்பிப் புதுவையில் பத்தாண்டு வாழ்ந்தவர், சிறை கண்டவர். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பயிலும் தேசியக் கல்விக்கூடம் என்று நாடு நம்பிற்று. காங்கிரசுக் குழு 10,000 ரூபாய் தர இசைந்து, முதலில் 5,000 தந்தது.

அந்தப் பொதுப்பணத்தில் நடந்த கூடத்தில்தான் பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிச் சாப்பாடு! பின்னாளில் சென்னை மாகாண முதல்வரான ஓமந்தூராரின் மகனும் அங்குப் பயின்றான். அவன் தந்தையிடம் முறையிட்டதால்தான் செய்தி வெளியே பரவிற்று என்பர். முதியோர் கண்ணுக்குப் படாத அநீதி, ஒரு சிறுவனின் நெஞ்சைச் சுட்டது!

ஐயர் சொன்ன சமாதானம் என்ன? இரண்டு சிறுவர்களின் பெற்றோருக்குத் தாம் வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். தந்தையரின் ஆசாரம், தனயர்களின் இலையைப் பிரித்தது. பேரரசை எதிர்த்த நெஞ்சம், இரண்டு வீட்டாரின் ஆசாரத்தை எதிர்க்க அஞ்சிற்று!

பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் போர்க்கொடி உயர்த்தினர். எஞ்சிய பணத்தைத் தரப் பெரியார் மறுத்தார். பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்ற எஸ். இராமநாதனின் தீர்மானம் 1925இல் காங்கிரசுக் குழுவில் நிறைவேறியது. அதை ஏற்காத இராசாசி முதலியோர் குழுவிலிருந்து விலகினர். அவ்வாண்டு சூனில், பாபநாசம் அருவியில் சிக்கிய மகளை மீட்கப் பாய்ந்து ஐயரும் உயிர் நீத்தார். மகளுக்காக உயிரையே தந்த அந்தத் தந்தையை நாம் இகழவில்லை. அவரையும் கட்டிப்போட்ட ஆசாரத்தையே சாடுகிறோம். நவம்பரில், காஞ்சி மாநாட்டோடு பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார்.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஐயர் பிறந்தது 1881. பெரியார் பிறந்தது 1879. புதுமையின் பக்கம் நின்றவரே வயதில் மூத்தவர்! வேறுபாடு ஆண்டுக் கணக்கிலா இருந்தது? இல்லை, எண்ணத்தில் இருந்தது.

ஏறத்தாழ நூறாண்டு ஓடிற்று. 2023 ஆகத்தில், அதே நெல்லை மாவட்டத்து நாங்குநேரியில், ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினர். வெட்டியவர் பழுத்த கிழவர்களா? அல்லர், உடன் பயின்ற மாணவர்கள்! அதன்பின் அமைந்த நீதியரசர் சந்துரு குழு, 2024இல், சாதிக்குறியான வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது.

1925இன் சிறுவன், முதியோர் போட்ட பந்தியைக் கண்டு குமுறினான். இன்றைய இளைஞன் தன் கையாலேயே கயிற்றைக் கட்டிக்கொண்டால், இருவரில் எவன் இளையவன்? பிறந்த ஆண்டு எவரையும் இளைஞராக்காது. மணிக்கட்டைப் பாருங்கள், தோழர்களே! கயிறு இருந்தால், இன்றே அறுத்தெறியுங்கள்!