தோட்டங்களில் மருந்தடிப்பு

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் லாலாங் புல் ஓயாத தொல்லை. தொடக்கத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் அதை மண்வெட்டியால் கொத்தி அகற்றினர். பின்னர் சோடியம் ஆர்சனைட் என்ற நச்சுக் களைக்கொல்லி தெளிக்கப்பட்டது. 1960களில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி வந்தது. ரப்பருக்குப் பதில் செம்பனை பரவியபோதும், முதுகில் தொட்டி சுமந்து மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்களே.

தெளிமுனையின் துளையும் அழுத்தமும் துளியின் அளவைத் தீர்மானிக்கின்றன. பருத்த துளி புல்லில் விழும். நுண்துளி காற்றில் மிதக்கும். அந்த நுண்துளியே நஞ்சைத் தொழிலாளியின் தோலுக்கும் மூக்குக்கும் கொண்டு சேர்த்தது.

2002-இல் மலேசிய அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக விலக்க முடிவெடுத்தது. 2006-இல் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. 2020 ஜனவரி 1 முதல் அது முற்றாகத் தடை செய்யப்பட்டது.