ஹெட்ச் ஹெட்சி: நீரில் அமிழ்ந்த பள்ளத்தாக்கு

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில், பிரசித்தி பெற்ற யோசெமிட்டி பள்ளத்தாக்குக்கு வடமேற்கே, பண்டைப் பனியாறுகள் கருங்கல்லைச் செதுக்கி வழிவிட்ட இடத்தில், துவாலமி நதி பாயும் ஹெட்ச் ஹெட்சி என்னும் பள்ளத்தாக்கு, சௌந்தரியத்தில் யோசெமிட்டியின் உடன்பிறந்தாள் என்று சொல்லும்படி விளங்கியது. ஒரு புறம் கொலானா என்னும் செங்குத்துப் பாறை, மறுபுறம் வபாமா என்னும் பேரருவி, இரண்டுக்கும் நடுவே ஓக் மரங்களும் புல்வெளிகளுமாக இருந்த அந்தச் சமநிலத்தில், மீவாக், பையூட் ஆதிகுடிகள் தலைமுறை தலைமுறையாக வந்து கொட்டைகளும் புல்விதைகளும் சேகரித்தார்கள். இன்று அந்த நிலத்தின்மேல் 300 அடி ஆழத்துக்கு நீர் நிற்கிறது.

அமெரிக்கக் காங்கிரஸ் 1890-இல் இயற்றிய சட்டத்தால் இப்பள்ளத்தாக்கு யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் சேர்ந்து, தேசத்தின் சகல ஜனங்களுக்கும் பொதுவான சொத்தாயிற்று. ஆயினும், தனியார் கம்பெனியொன்றின் ஏகபோகத்தில் சிக்கித் தவித்த சான்பிரான்சிஸ்கோவுக்கு நகரசபையே சொந்தமாகத் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்ற நியாயமான ஆசையோடு, மேயர் ஜேம்ஸ் ஃபீலன் 1901-இல் அந்த நதிநீரின்மீது உரிமை கோரி விண்ணப்பித்தார். உள்நாட்டு இலாகா மந்திரி ஹிட்ச்காக் அதை நிராகரித்தார். விவகாரம் அத்துடன் ஓய்ந்திருக்கக்கூடும். ஆனால் 1906 ஏப்ரல் 18-ஆம் தேதி பூகம்பம் வந்தது, அதைத் தொடர்ந்து மூண்ட அக்கினி நகரத்தின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது. நகருக்கு வெளியே இருந்த தேக்கங்களில் தண்ணீர் இல்லாமற்போகவில்லை. பூமிக்குள் குழாய்கள் முறிந்துபோனமையால்தான் தீயணைப்போருக்கு அது எட்டவில்லை. வீடிழந்து தெருவில் நின்ற ஜனங்களிடம் இந்த வேற்றுமையை யார் எடுத்துச் சொல்வது? தண்ணீர்ப் பஞ்சத்தால் ஊர் எரிந்தது என்ற எண்ணமே வேரூன்றியது. 1908-இல் புதிய மந்திரி கார்ஃபீல்டு அங்கே அணை கட்ட அனுமதி அளித்தார்.

அப்போது எழுந்த வாதத்தில் எதிரெதிரே நின்ற இருவருமே வனங்களின் நண்பர்கள் என்பதை நினைக்குந்தோறும் மனம் கனக்கிறது. சியரா சங்கத்தின் தலைவர் ஜான் மியூர், அந்தப் பள்ளத்தாக்கை ஒரு தேவாலயத்துக்கு நிகராக மதித்து, அதை அழிப்பது தெய்வ நிந்தனை என்றே எழுதினார். நாட்டின் வன இலாகாவை நிறுவி நடத்திய கிஃபர்ட் பின்ஷாவோ, அதிகமான மக்களுக்கு அதிகமான நன்மை தருவதே இயற்கை வளத்தின் பயன் என்று வாதித்தார். ஒரு காலத்தில் மலைவெளிகளில் ஒன்றாகத் தங்கியவர்கள் அவர்கள். பின்ஷாவின் கொள்கையை நான் இகழமாட்டேன். ஆனால் அது இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. ராணுவப் பொறியாளர் குழுவே 1913-இல் விசாரித்து, நகரத்துக்குப் போதுமான நீர் வேறு பல இடங்களிலும் உண்டு, ஹெட்ச் ஹெட்சியில் செலவு சுமார் 2 கோடி டாலர் குறையும் என்றுதான் தெரிவித்தது. சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக்கரை ஊர்கள் பிற்காலத்தில் மொகலமி நதியிலிருந்து தங்கள் நீரைக் கொண்டுவந்ததையும் காண்கிறோம். ஆகவே அங்கே தராசில் வைக்கப்பட்டவை ஜனங்களின் தாகமும் பள்ளத்தாக்கின் அழகும் அல்ல, பணமும் பள்ளத்தாக்குமே.

அணைக்கு இடங்கொடுக்கும் ரேக்கர் மசோதா 1913-இலேயே பிரதிநிதி சபையில் 183-க்கு 43 என்றும், செனட்டில் 43-க்கு 25 என்றும் நிறைவேற, டிசம்பர் 19-ஆம் தேதி ஜனாதிபதி வில்சன் கையெழுத்திட்டார். மறுவருஷம் டிசம்பர் 24-ஆம் தேதி மியூர் காலமானார்.

பிறகு நடந்தவை எந்திரத்தின் வேலை. தலைமைப் பொறியாளர் ஓஷானசியின் மேற்பார்வையில் 1923-இல் அணை எழும்பியது. 1938-இல் மேலும் 85 அடி உயர்த்தப்பட்டது. 1934 அக்டோபர் 28-ஆம் தேதி, 160 மைலுக்கு மேல் தன் சரிவினாலேயே ஓடிவந்த மலைநீர் நகரத்தின் தேக்கங்களை அடைந்தபோது, அதற்காகவே உழைத்த ஓஷானசி 16 நாட்களுக்கு முன் இறந்துபோயிருந்தார்.

ரேக்கர் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: அணையின் நீரால் பிறக்கும் மின்சாரத்தைத் தனியார் கம்பெனி எதற்கும் மறுவிற்பனைக்குக் கொடுக்கலாகாது. பொதுமக்களின் பள்ளத்தாக்கைப் பலிகொடுத்ததற்கு ஈடாகப் பொதுமக்களுக்கே உரிய சக்தி என்பதுதான் அன்று காங்கிரஸில் பலருடைய மனத்தை இசையச் செய்த காரணங்களில் ஒன்று. நகரசபையோ 1925-இல் அந்த மின்சாரத்தைப் பசிபிக் காஸ் அண்ட் எலெக்ட்ரிக் கம்பெனியின் கம்பிகளில் ஏற்றி, கம்பெனியே விற்கும்படி ஒப்பந்தம் செய்துகொண்டது. மந்திரி ஹரால்ட் இக்ஸ் தொடுத்த வழக்கில், இது சட்ட விரோதம் என்று 1940-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் ஊரின் வீடுகளுக்குக் கம்பெனியே மின்சாரம் விற்றுவந்தது. 1890-இல் தேசம் கொடுத்த வாக்கு ஒன்று. அதை மீறுவதற்காக 1913-இல் கொடுத்த வாக்கு மற்றொன்று. இரண்டும் காப்பாற்றப்படவில்லை.

அணையை நீக்கிப் பள்ளத்தாக்கை மீட்கலாம் என்று 1987-இல் உள்நாட்டு மந்திரி டொனால்ட் ஹோடல் யோசனை கூறினார்; மேயர் டயான் ஃபைன்ஸ்டைன் கடுமையாக ஆட்சேபித்தார். அதற்கான திட்டமொன்று வகுக்கலாமா என்று 2012-இல் சான்பிரான்சிஸ்கோவின் வாக்காளர்களைக் கேட்டபோது, நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் வேண்டாம் என்றனர். தேசியப் பூங்காவின் அந்த நிலத்துக்காக நகரம் வருஷந்தோறும் செலுத்தும் தொகை, 1913-ஆம் வருஷச் சட்டம் விதித்தபடி, 30,000 டாலர்.