கண்ணாடிச் சாடியில் 59 ஆண்டுகள்

வீட்டின் முன்கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பது இந்நாளில் பலருக்கும் கைவந்த பொழுதுபோக்காகிவிட்டது. நன்னீரில் தங்கமீன் வளர்த்துப் பழகியவர்களுள் சிலர், அடுத்த படியாக உப்புநீர்த் தொட்டியில் நாட்டம் கொள்கின்றனர். டில்லி, நாகபுரி போன்ற, கடலைக் காண இரவெல்லாம் இரயிலில் செல்ல வேண்டிய ஊர்களிலும் இன்று கடல்வாழ் உயிர்கள் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றுள் காண்போர் கண்ணை முதலில் கவர்வது கடற்சாமந்தி. ஆனால் விலை கொடுத்து வாங்கியவர் வீட்டில் அது பெரும்பாலும் நெடுநாள் வாழ்வதில்லை. அதன் ஆயுளே குறுகியது போலும் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அவ்வெண்ணம் எவ்வளவு தவறானது என்பதை ஒரு பழைய வரலாறு காட்டும்.

கடற்சாமந்தி பெயரால் மலர்; பிறப்பால் விலங்கு. ஆங்கிலத்திலும் அதற்கு ஒரு பூவின் பெயரையே இட்டிருக்கின்றனர். பாறையைப் பற்றிக்கொள்ளும் ஓர் அடித்தட்டு, அதன்மேல் தண்டு போன்ற உடல், உச்சியில் ஒரு வாய், வாயைச் சுற்றி இதழ்கள் போல் அசையும் உணர்கொம்புகள்: இவ்வளவே அதன் அமைப்பு. ஒவ்வோர் உணர்கொம்பிலும் நஞ்சு பொதிந்த நுண்ணிய கொட்டும் அணுக்கள் உண்டு. தீண்டிய சிறு மீனையும் இறாலையும் அவை செயலிழக்கச் செய்து வாய்க்கு அனுப்பும். பூப்போல் விரிவதும் மொட்டுப்போல் சுருங்குவதும் அழகுக்காக அல்ல. இரை தேடவும் தன்னைக் காத்துக்கொள்ளவுமே.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1828-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள நார்த் பெரிக் என்னும் ஊரின் பாறைகளிடையே, ஜான் கிரஹாம் டாலியெல் என்னும் அறிஞர் ஒரு சிவந்த கடற்சாமந்தியைக் கண்டெடுத்தார். சட்டம் பயின்றவர், பழஞ்சுவடி ஆராய்ச்சியில் ஈடுபட்டவர், சிறு வயதில் நேர்ந்த விபத்தால் கால் ஊனமுற்றவர். நெடுந்தொலைவு அலைந்து திரிந்து இயற்கையை ஆராய இயலாத அவர், கடலின் ஒரு துளியைத் தம் மேசைக்குக் கொண்டுவந்தார் எனலாம். எடின்பரோ நகரில் இருந்த தம் இல்லத்தில், ஒரு சிறு கண்ணாடிச் சாடியில் அதனை இட்டு வளர்க்கலானார். தாம் சாடியிலேயே வளர்த்த குஞ்சுகளோடு அதன் அளவை ஒப்பிட்டு, கண்டெடுத்த பொழுதே அதற்கு ஏழு வயதேனும் இருக்க வேண்டும் என்று கணித்தார்.

அக்காலத்தில் நீரைச் சுத்தம் செய்யும் பொறி இல்லை, மின்விளக்கும் இல்லை. டாலியெல் கடைப்பிடித்த முறை மிக எளியது. ஒரு சுமையாள் வாரத்தில் பலமுறை கடலுக்குச் சென்று தூய நீர் கொண்டுவருவார். சாடியின் நீர் கெடுமுன் மாற்றப்படும். பாறையில் ஒட்டி வாழும் ஆளி என்னும் சிப்பியின் சதையே உணவு. பிற்காலத்தில் அதனை வளர்த்தவர்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரை ஆளி மட்டுமே கொடுத்தனர். உணவு கொடுத்தபின் நீரை மாற்றினர். கழிவு நீரில் கரைய இடங்கொடாமை, மிகுதியாக ஊட்டாமை, ஒரு நாளும் தவறாமை ஆகிய மூன்றுமே அவர்களுடைய மருந்து.

1851-இல் டாலியெல் காலமானார். சாமந்தி காலமாகவில்லை. அது பேராசிரியர் ஜான் பிளெமிங் கைக்கு வந்தது. 1857-இல் அவரும் மறைந்தார். பின்னர்க் கப்பற்படை மருத்துவராய் இருந்த ஜேம்ஸ் மக்பேன் அதனைப் பேணினார். அவருக்குப்பின், எடின்பரோ அரசுத் தாவரத் தோட்டத்தில் பணிபுரிந்த ஜான் ஸாட்லரிடம் சென்றது. 1882-இல் அவர் மறையவே, அவர் பதவிக்கு வந்த இராபர்ட் லிண்ட்ஸே அதற்கும் பொறுப்பேற்றார். இதற்குள் அது "பாட்டி" என்னும் செல்லப்பெயர் பெற்றுவிட்டது. முந்நூறுக்கு மேற்பட்ட குஞ்சுகளை டாலியெல் காலத்திலேயே ஈன்றது; பல்லாண்டு மலடுபோல் இருந்துவிட்டு, 1857-இல் ஒரே இரவில் இருநூறுக்கு மேற்பட்ட குஞ்சுகளை ஈன்று காப்பாளரைத் திகைக்க வைத்தது. அதனைக் காண வந்தவர்கள் பெயரெழுதிச் செல்ல ஒரு தனிப் புத்தகமே வைத்திருந்தனர். 1887 ஆகஸ்டில் அது மடிந்தபொழுது செய்தித்தாள் இரங்கற் குறிப்பு வெளியிட்டது. சாடியில் கழித்த ஆண்டுகள் மட்டும் 59. நான்கு காப்பாளர்களைப் புதைத்துவிட்டு, ஐந்தாமவர் கையில் அது உயிர்நீத்தது.

பாட்டி அமைதியாக எடின்பரோவில் வாழ்ந்த அதே ஆண்டுகளில், தெற்கே இங்கிலாந்தில் கடல்தொட்டி மோகம் ஒன்று எழுந்து அடங்கியது. அதன் தொடக்கம் ஒரு பெண்மணியின் பொறுமையில் இருந்தது. 1846-இல் அன்னா தின் சீமாட்டி, டார்க்கீ கடற்கரையில் கடற்சாமந்தியின் இனமாகிய சில பவள உயிர்களைக் கண்டு அவற்றை இலண்டனுக்கு எடுத்துச் சென்றார். புதிய கடல்நீர் கிடைக்காதபொழுது, பணிப்பெண்ணைக் கொண்டு திறந்த சன்னலருகே நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்துக்கு நெடுநேரம் மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். நம் வீடுகளில் காப்பி ஆற்றுவது போன்ற இச்செயலால் காற்று நீரில் கலந்தது, உயிர்கள் பிழைத்தன. அடுத்த ஆண்டு கடற்பாசிகளையும் உடன் வைத்து அவ்வுழைப்பைக் குறைத்தார். பாசி பிராணவாயுவைத் தருகிறது, விலங்கு கரியமில வாயுவைத் தருகிறது, ஒன்றையொன்று தாங்குகின்றன என்னும் கருத்தை 1850-இல் இராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர் நன்னீர்த் தொட்டியைக் கொண்டு விளக்கி எழுதினார்.

1845-இல் கண்ணாடிமீது இருந்த வரி நீக்கப்பட்டதால் கண்ணாடி மலிந்தது. இரயில் பாதைகள் கடற்கரையை நகரத்தோடு இணைத்தன. 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான முதல் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்கு உயிர்களைத் திரட்டித் தந்தவர்களுள் முதன்மையானவர் பிலிப் ஹென்றி காஸ். 1854-இல் அவர் எழுதிய நூல் இல்லந்தோறும் கடல்தொட்டி வைக்கும் ஆசையைப் பரப்பியது. சமையல் உப்பு, பேதி உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கையும் அளவோடு கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் அவர் வெளியிட்டார். கடலில்லா ஊரில் கடல் உயிரை வளர்க்க இன்று நாம் கையாளும் உப்புக்கலவைகள் இவ்வழியில் வந்தவையே.

ஆனால் ஆசை பரவிய வேகத்தில் பொறுமை பரவவில்லை. வாளியும் உளியும் ஏந்திய கூட்டம் கடற்கரைகளை மொய்த்தது. பாறைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட சாமந்திகள் வரவேற்பறைத் தொட்டிகளில் அழுகின. சில ஆண்டுகளில் மோகம் தணிந்தது. ஆனால் கரைகள் வறண்டன. காஸின் மகன் எட்மண்டு, 1907-இல் வெளியிட்ட தம் நூலில், தந்தை முழந்தாளிட்டுக் கண்டு களித்த பாறைக்குட்டைகளின் செல்வம் சூறையாடப்பட்டதையும், தம் நூல்களே அதற்குத் தூண்டுகோலாயின என்று தந்தை உணர்ந்து வருந்தியதையும் எழுதியிருக்கிறார். ஒரே காலத்தில், ஓர் ஊரில் ஒரு சாமந்தி அரை நூற்றாண்டு வாழ்ந்தது. பிற ஊர்களில் எண்ணற்றவை வாரக்கணக்கில் மடிந்தன. கருவிகளால் வந்த வேறுபாடு அன்று இது. காப்போரின் நோக்கமே வேறு.

பழைய காப்பாளர்கள் அறியாத இரு உண்மைகளைப் பின்வந்த விஞ்ஞானம் கண்டது. முதலாவது, ஒளி. சில சாமந்திகளின் உடலுக்குள் காணப்படும் மஞ்சள் நிற அணுக்கள் தனி உயிர்களான நுண்பாசிகள் என்று 1881-இல் ஜெர்மானிய அறிஞர் கார்ல் பிராண்டு கூறினார். அடுத்த ஆண்டு பாட்ரிக் கெடிஸ், அத்தகைய சாமந்தியை வெயிலில் வைத்தால் பிராணவாயு வெளிப்படுவதைச் சோதனையால் காட்டினார். இப்பெயர் நமக்குப் புதியதன்று. பின்னர் நகரமைப்பு அறிஞராக 1914-இல் நம் நாட்டுக்கு வந்தவர் இவரே. அவர் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. மீண்டும் பொருள் திரட்டி 1915-இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். 1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராகவும் விளங்கினார். ஓர் ஊர் வாழ அதன் உறுப்புகள் ஒன்றையொன்று தாங்கவேண்டும் என்று கூறியவர், இளமையில் சாமந்திக்கும் பாசிக்கும் உள்ள கூட்டுவாழ்வை ஆராய்ந்தவர் என்பது நினைக்கத்தக்கது.

எடின்பரோப் பாட்டியின் இனத்தில் அத்தகைய பாசி இல்லை. ஆதலால் அறையின் மங்கிய ஒளியே அதற்குப் போதும். ஆனால் இன்று கடைகளில் விற்கப்படும் வெப்பக்கடல் சாமந்திகள், கோமாளி மீனுக்கு இடந்தரும் பெரிய இனங்கள், தம் உணவின் பெரும்பகுதியைப் பாசியின் வாயிலாக ஒளியிலிருந்தே பெறுகின்றன. வலிய விளக்கின்றேல் பாசி நீங்கும், உடல் வெளுக்கும், பல நாள் பட்டினிக்குப்பின் உயிர் போகும். வெண்மையை அழகென்று கருதி வாங்குவோர் நோயுற்ற உயிரையே வாங்குகின்றனர்.

இரண்டாவது உண்மை, கண்ணுக்குத் தெரியாத துப்புரவாளர்களைப் பற்றியது. கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா நஞ்சு. அதனைப் படிப்படியாகத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களை 1890-ஐ ஒட்டி ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி பிரித்தறிந்தார். புதிய தொட்டியில் இவை பெருகி நிலைபெறப் பல வாரங்கள் வேண்டும். தொட்டி அமைத்த அன்றே சாமந்தியை இடுவது, அடுப்பு மூட்டுமுன் இலை போடுவதை ஒக்கும். பல மாதம் முதிர்ந்த தொட்டியே அதற்கு ஏற்றது.

உள்நாட்டு ஊர்களில் வளர்ப்போர் மேலும் சில கருதவேண்டும். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எனவே வடநாட்டுக் கோடையில் குறையும் நீருக்கு ஈடாகத் தூய நன்னீரையே ஊற்றவேண்டும். உப்புநீரை ஊற்றினால் உப்பு ஏறிவிடும். தொட்டியில் ஒரு கோடு இட்டு நாள்தோறும் நோக்குவது நன்று. ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பும், 25 டிகிரி சென்டிகிரேடை ஒட்டிய வெப்பமும் வெப்பக்கடல் இனங்களுக்கு ஏற்றவை. டில்லியின் குளிர்காலத்தில் நீரைச் சூடாக்கவும், கோடையில் தணிக்கவும் வழி வேண்டும். குழாய் நீரில் உள்ள குளோரினும், மீன் மருந்துகளில் உள்ள செம்பும் சாமந்திக்குக் கேடு. அது இடம்பெயரும் இயல்புடையது; ஆகவே நீரிறைக்கும் பொறியின் வாயை மூடிவைக்க வேண்டும். உணவாகச் சிறு இறால் துண்டு வாரம் ஓரிருமுறை போதும். எஞ்சியதை உடனே எடுத்துவிட வேண்டும். இறந்த சாமந்தியைத் தொட்டியில் விட்டால் மற்றவையும் கெடும்.

நம் நாட்டிலும் கடல் உயிரை மக்களுக்குக் காட்டும் மரபு பழையது. 1909-இல் எட்கர் தர்ஸ்டன் முயற்சியால் சென்னைக் கடற்கரையில் மீன்காட்சியகம் அமைந்தது. 1951-இல் பம்பாயில் தாராபூர்வாலா மீன்காட்சியகம் திறக்கப்பெற்றது. பெரிய சாமந்திகளும் அவற்றுள் வாழும் கோமாளி மீன்களும் நம் மன்னார் வளைகுடாவுக்கு உரியவை. அங்குள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கோமாளி மீனைக் கடலில் பிடிக்காமல் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்விக்கும் முறையை நம் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் கண்டிருக்கின்றனர். சாமந்திக்கோ, வணிகம் இன்னும் பெரும்பாலும் கடலையே நம்பியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு தவறான கொள்முதலும் ஏதோ ஒரு பாறையை வெறுமையாக்குகிறது. பிறர் தொட்டியில் பிளந்து பெருகியதைப் பெறுவதே சிறந்த வழி.

எடின்பரோச் சாடி நமக்கு விட்டுச்சென்ற படிப்பினை ஒன்றே. சாமந்திக்கு முதுமை எளிதில் வருவதில்லை. நம் அயர்ச்சியே அதற்கு எமன். அதனை வாங்க எண்ணுபவர், "இதற்கு என்ன விலை?" என்று கேட்குமுன், "எனக்குப்பின் இதனை யார் பேணுவார்?" என்று கேட்டுக்கொள்ளட்டும். விடை கூற இயலாதவர்க்குக் காட்சியகத்தின் கண்ணாடியும், ஊருக்குச் செல்லும்பொழுது இராமேசுவரத்துப் பாறைக்குட்டையும் இருக்கவே இருக்கின்றன. அங்கே கண்டு களிக்கலாம்.