ஆணியும் மருத்துவச்சியும்

பேயென்றால் அது பெரும்பாலும் பெண்ணாகவே இருப்பது ஏன் என்று நாம் என்றேனும் சிந்தித்ததுண்டா?

செலாயாங் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய நம் முன்னோர், தாய்நாட்டு மோகினிக் கதைகளையும் உடன் கொணர்ந்தனர். இங்கோ மலாய் மக்களிடம் பொந்தியானாக் இருந்தாள். பிரசவத்தில் மாண்டவளே அப்பேய். கழுத்தில் ஆணி அறைந்தால் அழகும் அடக்கமும் உள்ள மனைவியாகிவிடுவாளாம்!

அவளை 1957இல் திரைக்குக் கொணர்ந்தது சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனம். இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.என். ராவ், நடித்தவர் மரியா மெனாடோ. பாம்பு தீண்டிய கணவனைக் காக்க நஞ்சை உறிஞ்சுகிறாள். இரத்தம் நாவில் பட்டதும் பேயாகிறாள். அன்பே குற்றமாயிற்று! படம் பெருவெற்றி பெற்றது. 1958க்குள் தொடர்ச்சிகள் இரண்டு வந்தன.

மெய்யான அச்சம் எங்கிருந்தது? 1950இல் மலாயாவில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 500க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். மலாய்க் கதை அத்தகையவளைப் பேயாக்கிற்று. தமிழர் சூலுடன் இறந்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் நாட்டினர். அதில் இரக்கமேனும் இருந்தது. ஆயினும் ஆணியோ கல்லோ ஒருத்தியையும் பிழைப்பித்ததில்லை. பிழைப்பித்தவர் ஊர்தோறும் சென்ற பயிற்சிபெற்ற மருத்துவச்சிகளே. 2000க்குள் அத்தொகை 50க்கும் கீழே இறங்கிற்று. செலாயாங்கிலும் 1999 முதல் பெரிய அரசு மருத்துவமனை இயங்குகிறது.

தோழர்களே, பேய்ப் படம் தாராளமாகப் பாருங்கள். ஆனால் அவள் ஏன் இறந்தாள் என்ற கேள்வியை மட்டும் கொட்டகையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.