வீட்டில் கட்டிய விமானமும் ஒரு கிரவுண்ட் ஒயரும்

தனியார் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து ராஜா பாட்டு கேட்டுக்கிட்டே போயிருக்கீங்களா? பாட்டுக்கு அடியில் 'ங்ங்ஙொய்ய்ங்' என்று ஒரு சத்தம் வந்துகிட்டே இருக்கும். டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் சுருதி ஏறும். காலை எடுத்தால் இறங்கும். 'ஸ்பீக்கர் அவுட்டு சார்' என்பார் கண்டக்டர். ஸ்பீக்கர் பாவம், அதுக்கு ஒண்ணுமே ஆகியிருக்காது. ஆல்டர்னேட்டரின் சத்தம் கிரவுண்ட் ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குள் புகுந்து ராஜாவோடு சேர்ந்து பாடுது, அவ்வளவுதான்.

இதே 'ங்ஙொய்ங்'கோடு அமெரிக்காவில் ஒரு கூட்டம் பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டு கராஜில் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள். கடந்த ரெண்டு மாசமா ஆணி பிடுங்குற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இவங்க கதையைத்தான் படிச்சுக்கிட்டு இருந்தேன். விமானத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜன்னலோர சீட்டு மட்டும்தான். ஆனா ஒயரிங் பிரச்சனை என்றால் பொட்டி தட்டுறவனுக்கும் கை அரிக்கும் இல்லையா :-)

வீட்டில் விமானமா? யார் விட்டா?

யாரும் சும்மா விடலை. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் அமெரிக்காவில் சொந்தமாகக் கட்டிய விமானத்தைப் பறக்கவிட சரியான சட்ட வழி கிடையாது. ஜார்ஜ் பொகார்டஸ் என்பவர் 1947ல் 'லிட்டில் ஜீ பீ' என்ற தன் குட்டி விமானத்தில் ஒரிகான் மாநிலத்திலிருந்து நாட்டின் மறுகோடியில் இருக்கும் வாஷிங்டன் வரை பறந்து போய், அதிகாரிகளிடம் 'பாருங்க, பறக்குது' என்று காட்டினார். அந்தப் போராட்டத்தில் பிறந்ததுதான் 'எக்ஸ்பெரிமென்டல்' வகையில் அமெச்சூர்கள் கட்டும் விமானங்களுக்கான அனுமதி. 1953ல் பால் போபெரெஸ்னி என்பவர் மில்வாக்கியில் ஈஏஏ சங்கத்தை ஆரம்பித்தார். ஆஷ்காஷ் நகரில் வருஷா வருஷம் நடக்கும் விமானத் திருவிழா இவங்க நடத்துறதுதான்.

விதி ரொம்ப எளிமை. விமானத்தின் பெரும்பகுதியை அமெச்சூர்கள், தாங்கள் கற்றுக்கொள்ளவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டியிருக்க வேண்டும். உள்ளே குறைந்தது ரெண்டு இஞ்ச் எழுத்தில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்று எழுதி வைக்க வேண்டும். முதல் 25 அல்லது 40 மணி நேரம் சோதனைப் பறத்தல். அதுக்கப்புறம், சில அடிப்படை விதிகளுக்கு உட்பட்டு, காக்பிட்டில் எந்தக் கருவியை எங்கே வைப்பது என்பது கட்டினவர் இஷ்டம். தொழிற்சாலையில் செய்த செஸ்னாவில் இது நடக்காது. அதில் ஒரு மீட்டரை மாற்றுவதற்கும் அங்கீகாரம், காகிதம், முத்திரை எல்லாம் வேணும்.

இந்த 'இஷ்டம்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. நல்லதும் கெட்டதும் இதிலிருந்துதான் வரப்போகுது.

தகரம் போச்சு, கிரவுண்டும் போச்சு

1975ல் பர்ட் ருட்டான் 'வேரி ஈஸி' என்ற விமானத்தைப் பறக்கவிட்டார். 1979ல் அதன் அண்ணன் 'லாங் ஈஸி'. ஃபோம் அட்டையைச் செதுக்கி, மேலே ஃபைபர்கிளாஸ் ஒட்டினால் இறக்கை ரெடி. லேசு, வேகம், அழகு. ஆனால் எலக்ட்ரிக்கல் வேலை பார்த்தவர்களுக்கு இதில் தலைவலி காத்திருந்தது.

அலுமினிய விமானத்தில் உடம்பே கிரவுண்ட். எங்கே வேண்டுமானாலும் ஒரு ஸ்க்ரூ போட்டு நெகட்டிவ் ஒயரை முடுக்கிவிடலாம். ஆன்டெனாவுக்கும் அந்த உலோகத் தோல்தான் அடித்தளம். ஃபைபர்கிளாஸ் மின்சாரத்தைக் கடத்தாது. ஆக, ரெண்டுமே ஒரே அடியில் காலி. போதாக்குறைக்கு லாங் ஈஸியில் இன்ஜின் வாலில், பேட்டரி பெரும்பாலும் மூக்கில். நடுவில் நீளமான ஒயர். அதில் ஆளாளுக்கு ஓர் இடத்தில் கிரவுண்டைக் கோர்த்தால் என்ன ஆகும்? அதே பஸ் பாட்டு!

ஆன்டெனாவுக்கு வழி கண்டவர் ஜிம் வீர் என்ற கலிஃபோர்னியா இன்ஜினியர். விமான ரேடியோ 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை பேசும். அதற்கு ஏறக்குறைய அரை மீட்டர் நீளத்தில் ரெண்டு செம்பு டேப் போதும். அதை வெளியே நீட்டாமல், ஃபைபர்கிளாஸுக்கு அடியிலேயே ஒட்டிவிடச் சொன்னார். கேபிள் சேரும் இடத்தில் மூணு ஃபெரைட் வளையம். ரேடியோ அலைக்கு ஃபைபர்கிளாஸ் கண்ணாடி மாதிரி, நேரா உள்ளே போயிடும். விங்லெட்டுக்குள் ஆன்டெனா ஒளிந்திருக்கும், வெளியே காற்றைத் தடுக்க ஒரு கம்பிகூட இருக்காது. ஒரே சிக்கல், உள்ளே சால்டரிங் விட்டுப்போனால் இறக்கையைக் கீறித்தான் பார்க்கணும்.

சத்தத்துக்கு வழி சொன்னவர் பாப் நக்கல்ஸ். கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டாக்காரர். (பேரைப் பார்த்து நக்கல் பண்ணாதீங்க, விஷயமுள்ள மனுஷன்.) 1980களில் தொடங்கி 'ஏரோஎலக்ட்ரிக் கனெக்‌ஷன்' என்ற புத்தகத்தை வளர்த்துக்கொண்டே வந்தார். எல்லா நெகட்டிவ் ஒயரையும் ஒரே புள்ளிக்குக் கொண்டு வா என்பது அவர் பாடம். ஹெட்ஃபோன் ஜாக்கைக்கூட பேனல் உலோகத்தில் தொடவிடாமல் ஃபைபர் வாஷர் போட்டுப் பிரித்து, அதன் கிரவுண்டைத் தனி ஒயரில் கொண்டு போகணும். பல விமானங்களில் புது ரேடியோ வாங்கியும் போகாத இரைச்சல், சில்லறைக் காசு வாஷரில் போயிருக்கு.

ரேடியோக்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே 'மாஸ்டர் ஸ்விட்ச்' வைக்கும் வழக்கத்தையும் அவர் கேள்வி கேட்டார். ஸ்டார்ட்டர் போடும்போது பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் அடிபடும் என்ற பயத்தில் வந்த வழக்கம் அது. அந்த ஒரு ஸ்விட்ச் போனால் எல்லா ரேடியோவும் போச்சே? அதற்குப் பதிலாக, ஆல்டர்னேட்டர் செத்தாலும் அத்தியாவசியக் கருவிகள் மட்டும் பேட்டரியில் ஓட ஒரு தனி வழி வை என்றார். நம்ம வீட்டு இன்வெர்ட்டரில் ஒரு ஃபேன், ஒரு லைட் மட்டும் கொடுக்கிறோமே, அதே ஐடியா.

ஜான் டென்வரின் வால்வு

இதுவரை சுதந்திரத்தின் அழகைச் சொன்னேன். இனி விலை.

'லீவிங் ஆன் எ ஜெட் பிளேன்' எழுதிய பாடகர் ஜான் டென்வர், 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் லாங் ஈஸி விழுந்து இறந்தார். வயது 53. விமானம் அவர் கட்டியதல்ல, புதிதாக வாங்கியது. டேங்க் மாற்றும் வால்வு, ருட்டானின் வரைபடப்படி பைலட்டின் கால்களுக்கு நடுவே இருக்கணும். கட்டியவர் அதைப் பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். பெட்ரோல் குழாய் காக்பிட்டுக்குள் வரவேண்டாம் என்ற நல்ல எண்ணம்தான். அந்த வால்வில் எது எந்த டேங்க் என்று எழுதவில்லை. பெட்ரோல் அளவு காட்டும் குழாயிலும் கோடு போடவில்லை.

பறக்கும்போது அதைத் திருப்ப, உடம்பை முறுக்கித் திரும்பணும். அப்படித் திரும்பியபோது கால் தன்னையறியாமல் வலது ரட்டரை அழுத்தியிருக்கிறது என்று முடிவுக்கு வந்தது என்டிஎஸ்பி என்கிற விபத்து விசாரணை வாரியம். பெட்ரோல் போடாமல் கிளம்பியது டென்வரின் தவறு என்றும் சொன்னார்கள். கூடவே, எட்டாத இடத்தில் எழுத்தில்லாமல் வைத்த அந்த வால்வையும் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள்.

கட்டினவருக்கு அது கண்ணை மூடிக்கொண்டே தெரியும். வாங்கினவருக்கு?

கைக்கடக்கமான கண்ணாடித் திரை

1990களில் காரின் ஏர்பேக்குக்காக சிலிக்கான் சென்சார்கள் மலிவாக வர ஆரம்பித்தன. சுழலும் ஜைரோவுக்குப் பதில் ஒரு சின்ன சிப். 2003ல் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து டைனான் என்ற கம்பெனி 'டி10' என்ற திரையைச் சுமார் 2,000 டாலருக்கு விற்றது. செயற்கை அடிவானம், உயரம், வேகம், திசை எல்லாம் ஒரே திரையில். பழைய மீட்டரைக் கழற்றின அதே ஓட்டையில் உட்கார்ந்துவிடும். முத்திரை எதுவும் கிடையாது, அதனால் எக்ஸ்பெரிமென்டலுக்கு மட்டும்.

இங்கேயும் ஒரு பூதம் உண்டு. மலிவு ஜைரோ மெல்ல மெல்ல வழி தவறும். அதைத் திருத்த, உள்ளே இருக்கும் கணக்கு காற்று வேகத்தையும் சேர்த்துக்கொள்கிறது. வேகம் எங்கிருந்து வரும்? வெளியே நீட்டியிருக்கும் பிட்டோ குழாயிலிருந்து. அதில் ஐஸோ பூச்சியோ அடைத்தால், அடிவானமும் கோணலாகலாம். பழைய மீட்டர்களில் வேகம் தனி, அடிவானம் தனி. ஒன்று செத்தால் மற்றது பிழைக்கும். புரோகிராம் எழுதுறவங்களுக்கு இது நல்லாப் புரியும். ரெண்டு மாட்யூல் தனித்தனின்னு நம்பிக்கிட்டு இருப்போம், உள்ளே ஒரே டேட்டாவைக் குடிச்சுக்கிட்டு இருக்கும். திசை காட்டும் காந்த சென்சாருக்குப் பக்கத்தில் லைட் ஒயர் போனால், லைட் போட்டதும் வடக்கு நகரும். இதெல்லாம் மேனுவலைப் பொறுமையா படிச்சவங்களுக்கும் அடிபட்டவங்களுக்கும்தான் தெரியும்.

2012ல் என்டிஎஸ்பி இந்த வகை விமானங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. 2011ல் நடந்த 224 விபத்துகளைப் பார்த்தார்கள். பாதிக்கு மேல், இன்னொருவர் கட்டி, இவர்கள் கைமாற்றி வாங்கிய விமானங்கள். டென்வர் கதை தனிக்கதை இல்லை.

ஆனால் 2016ல் என்ன நடந்தது தெரியுமா? ஈஏஏ முயற்சியில், அதே வரிசையில் வந்த டைனான் டி10ஏ திரையைச் சில செஸ்னா, பைப்பர் விமானங்களில் பொருத்த அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. முத்திரை இல்லாத பொட்டி, கராஜ் ஆசாமிகளின் கையில் ஆண்டுக்கணக்கில் பறந்து, தவறி, திருந்தி, கடைசியில் முத்திரை குத்திய விமானத்துக்குள் முன்வாசல் வழியாகவே போனது.

தோளுக்குப் பின்னால் வால்வை வைக்கவிட்டதும், இந்தத் திரையை வளரவிட்டதும் ஒரே சுதந்திரம்தான். அதை எடுத்துவிட்டால் ரெண்டும் இருக்காது. ஆனா அந்த வால்வில் 'இடது', 'வலது' என்று எழுத எந்தச் சட்டமும் தடுக்கலை. ரெண்டு ஸ்டிக்கர், அவ்வளவுதான்.

இதை எழுதும்போது உறுத்துது. ஆபீஸில் நான் எழுதி வச்ச ஸ்கிரிப்ட் ஒண்ணு மூணு வருஷமா ராத்திரி ராத்திரி ஓடுது. எந்த வரியைத் தொட்டா என்ன ஆகும்னு என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. 'நான்தான் இருக்கேனே' என்று விட்டுட்டேன். திங்கட்கிழமை போய் முதல் வேலையா அதுக்கு நாலு வரி விளக்கம் எழுதணும்.

வர்ட்டா?