எல்லாருக்குமான பொறியியல்: பெரம்பலூர், அரியலூர் பள்ளிகளை முன்வைத்து

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பொறியியல் இன்றுவரை தொழிற்பிரிவு மாணவரின் பாடமாகவே இருக்கிறது. அறிவியல் பிரிவில் இடம் கிடைக்காதவரும், கிடைத்தாலும் படித்துக் கரையேற முடியுமா என்று வீட்டார் அஞ்சியவரும் பதினொன்றாம் வகுப்பில் அடிப்படை இயந்திரவியலிலோ அடிப்படை மின் பொறியியலிலோ சேர்கிறார்கள். அறிவியல் பிரிவில் படித்துப் பொறியியல் கல்லூரிக்குப் போகும் மாணவரோ, அரத்தை ஒருமுறைகூடக் கையில் பிடிக்காமல், ஒரு பொருளைத் தானாக வரைந்து பார்க்காமல் அங்கே நுழைகிறார். கருவியைத் தொட்டவருக்குக் கணக்கும் இயற்பியலும் குறைவு. கணக்கும் இயற்பியலும் கற்றவருக்குக் கருவி அந்நியம். இந்தப் பிளவைச் சரிசெய்ய வேண்டிய இடம் மேல்நிலை வகுப்பு அன்று. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை எல்லா மாணவர்க்கும் பொதுப்பாடமாக வடிவமைப்புத் தொழில்நுட்பத்தைக் கற்பிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பெரம்பலூரையும் அரியலூரையும் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001இல் பிரிந்த அரியலூர், அடுத்த ஆண்டே மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் திரும்பவும் தனி மாவட்டமானது. கடலடியில் படிந்த கிரெட்டேசியஸ் காலச் சுண்ணாம்புப் பாறைகள் அரியலூரைச் சிமென்ட் ஆலைகளின் ஊராக்கின. பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி; நாரணமங்கலத்தில் டயர் ஆலை; எறையூரில் சிப்காட் தொழிற்பூங்கா. பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பொருளை உருவாக்கும் அறிவு இத்தனை வடிவில் கண்ணெதிரே நடக்கும் இரண்டு மாவட்டங்களில், அந்த அறிவுக்குப் பள்ளியின் பொதுப்பாடத்தில் இடமில்லை.

இந்தக் குறையை யாரும் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. நாட்டின் இடைநிலைக் கல்வியைத் தொழிலோடு இணைப்பது பற்றி ஆராய்ந்த மூன்று முக்கியக் குழுக்களுக்குத் தமிழர்களே தலைமை ஏற்றார்கள். ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952-53) தொழில்நுட்பம், வேளாண்மை, மனையியல் உள்ளிட்ட ஏழு பிரிவுகளைக் கொண்ட பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. மால்கம் ஆதிசேசையா குழு 1978இல் மேல்நிலைத் தொழிற்கல்வி பற்றி அறிக்கை அளித்தது. நீர்வளப் பொறியாளரும், குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதை எழுதியவருமான வா.செ. குழந்தைசாமி 1985இல் தேசியப் பணிக்குழுவுக்குத் தலைமை வகித்தார். மேல்நிலை மாணவரில் 10 விழுக்காட்டினரை 1990க்குள்ளும் 25 விழுக்காட்டினரை 1995க்குள்ளும் தொழிற்பிரிவுக்குக் கொண்டுவர வேண்டும் என 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இலக்கு வைத்தது. பிறகு அந்தக் கெடு தள்ளிவைக்கப்பட்டது.

இந்த விழுக்காட்டுக் கணக்கிலேயே ஒரு கோளாறு இருப்பதாக நான் கருதுகிறேன். பல்கலைக்கழகத்தை நோக்கிச் செல்லும் கூட்டத்தில் எத்தனை பேரை வேறு வழியில் திருப்பிவிடலாம் என்பதே இங்கே கேள்வியாக இருந்தது. மீதி 75 விழுக்காட்டினருக்குக் கையால் செய்து அறியும் கல்வி வேண்டுமா என்ற கேள்வியை இலக்கு தொடவில்லை. கோத்தாரி குழு (1964-66) எல்லார்க்கும் பணி அனுபவம் வேண்டும் என்று சொன்னது. நான் சொல்வதற்கு மிக நெருங்கி வந்தது அதுதான். நடைமுறையில் அது கைத்தொழில் பாடவேளையாகச் சுருங்கி, மதிப்பெண் இல்லாத காரணத்தால் பிற ஆசிரியர்கள் கடன் வாங்கும் வேளையாகவும் ஆயிற்று.

தமிழ்நாட்டில் தொழிற்கல்வி என்று வாயெடுத்தால் இன்னொரு நினைவும் கூடவே எழும், எழத்தான் வேண்டும். இராஜாஜி 1953இல் கொண்டுவந்த திட்டம் கிராமத் தொடக்கப் பள்ளி மாணவரின் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தது. மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதை எதிர்த்துப் போராடினார்கள். இராஜாஜி விலகி, 1954இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. வெங்காயம் விளையும் ஊர்ப் பள்ளியில் வெங்காயத்தையும், சிற்ப ஊரில் மரத்தையும் பாடமாக்கினால் அது பின்வாசல் வழியே வரும் குலக்கல்வி ஆகாதா என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போகக் கூடாது.

என் விடை இது. அன்றைய திட்டத்தின் தீங்கு, குழந்தையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றி அதன் பிறப்போடு கட்டிப்போட்டதில் இருந்தது. ஊரின் தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவந்து, யார் வீட்டுப் பிள்ளையானாலும் ஒரே மேசையில் ஒரே கேள்வியோடு உட்காரவைப்பது அதற்கு நேர்மாறான செயல். அரும்பாவூர்ப் பள்ளியில் சிற்பி வீட்டுப் பிள்ளையை அழைத்து உளி பிடிக்கச் சொல்லக் கூடாது. வெட்டிய வாகை மரம் காயும்போது ஏன் வெடிக்கிறது, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வைத்த சட்டம் ஏன் சட்டென்று முறிகிறது என்று வகுப்பு முழுவதையும் கேட்க வேண்டும். விடை தேட இயற்பியலும் தாவரவியலும் வேண்டும். அவற்றைச் சிற்பி வீட்டுப் பிள்ளைக்கு மறுக்காமல் தருவதுதான் நீதி. உண்மையில், இன்றைய தொழிற்பிரிவு ஏற்பாடே அந்தப் பழைய அச்சத்துக்கு அதிக இடம் தருகிறது. பதினைந்து வயதில், மதிப்பெண் குறைந்தவர் என்ற முத்திரையோடு, பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பட்டறைப் பக்கம் ஒதுக்குவது எந்த வகையில் சமநீதி?

தொழிற்பிரிவு வகுப்பில் கற்பது மட்டமானது என்று நான் சொல்லவில்லை. பொருத்துவேலைச் செய்முறையை அருகிருந்து பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். இரும்புத் தகட்டை வைஸில் இறுக்கி, அரத்தால் ஓரத்தைத் தேய்த்து, மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார் மாணவர். மட்டத்துக்கும் ஓரத்துக்கும் இடையே ஒளிக்கீற்று தெரிந்தால் திரும்பவும் தேய்க்க வேண்டும். சுண்ணம் பூசிக் கோடு கிழித்து, பஞ்ச் அடித்து, அறுத்து, இரண்டு துண்டும் இடைவெளியின்றிப் பொருந்தும்வரை மணிக்கணக்கில் நிற்கிறார். துல்லியம் என்றால் என்னவென்று உடம்புக்கே தெரிகிற கல்வி அது. ஆனால் தகட்டின் அளவு படத்தில் முன்பே குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த அளவு ஏன், அந்த உலோகம் ஏன், வேறு விதமாகச் செய்ய முடியாதா என்று அவரை யாரும் கேட்பதில்லை. தேவையை அறிவது, மாற்று வழிகளை வரைவது, ஒன்றைத் தேர்ந்து செய்வது, சோதிப்பது, தவறினால் திருத்துவது என்ற சுற்றில் செய்வது என்ற ஒரு பகுதி மட்டும் அவர் கைக்கு வருகிறது. அறிவியல் பிரிவு மாணவர்க்கு அதுவும் இல்லை.

முழுச் சுற்றும் எப்படி இருக்கும் என்பதற்கு வெங்காயப் பட்டறையைப் பார்க்கலாம். பெரம்பலூர் வட்டாரத்தில் சின்ன வெங்காயத்தை விதைக்காகவோ நல்ல விலை வரும்வரையோ பட்டறை போட்டு வைக்கிறார்கள். தரையிலிருந்து உயர்த்திய அடித்தளம், காற்று புகும்படி அடைத்த பக்கங்கள், மேலே கூரை. அகலம் கூடினால் நடுவில் இருக்கும் காய்க்குக் காற்று போகாது. வெங்காயம் சேமிப்பிலும் சுவாசிப்பதால் சூடும் ஈரமும் அங்கே தேங்கும். ஒரு காய் அழுகினால் அழுகல் பக்கத்துக் காய்களுக்குப் பரவும். அகலத்தைக் குறைத்தால் இடமும் பொருளும் வீண். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இரண்டு அகலங்களில் சிறிய மாதிரிப் பட்டறைகளைக் கட்டலாம். நடுவில் வெப்பமானியைச் செருகி, வாரந்தோறும் எடைபோட்டு, இழப்பை வரைபடத்தில் குறிக்கலாம். மூங்கிலுக்குப் பதில் கம்பிவலை போட்டால் செலவு எவ்வளவு, காக்கப்படும் வெங்காயத்தின் மதிப்பு எவ்வளவு என்று கணக்கிடலாம். விவசாயி பல தலைமுறைப் பழக்கத்தால் கண்ட அளவு ஏன் சரி, எந்த இடத்தில் அதை மேம்படுத்தலாம் என்று மாணவர் காரணத்தோடு சொல்லிவிட்டால் அதுவே பொறியியல்.

அரியலூருக்குச் சிமென்ட். ஏறத்தாழ 1450 செல்சியசில் சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் சுட்டெடுக்கப்பட்டு கிளிங்கர் ஆவதும், ஜிப்சம் சேர்த்து அரைக்கப்படுவதும் ஆலை மதிலுக்குள் நடக்கின்றன. மதிலுக்கு வெளியே உள்ள பள்ளி மாணவர்க்குத் தூசியும் லாரியும் தெரியும். ஒரே கலவையில் நீரின் அளவை மட்டும் மாற்றி மூன்று சாந்துக் கட்டிகளை வார்த்து, ஏழு நாள் நீராற்றி, எடையேற்றி உடைத்துப் பார்த்தால் போதும். நீர் கூடக்கூட வலிமை குறைவதை எட்டாம் வகுப்பு மாணவரே கண்டுபிடிப்பார். அடுத்த முறை வீட்டுக் கட்டுமானத்தில் கலவை இளகலாக இருந்தால் கொத்தனாரிடம் கேள்வி கேட்பார்.

எறையூரில் வந்திருக்கும் காலணித் தொழிலை நம்பிப் பெருமளவில் பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். உலகப் பிராண்டுகளுக்காகச் செய்யப்படும் அந்தக் காலணியின் வடிவம் வேறெங்கோ முடிவாகி வருகிறது. மேல்நிலைப் பொறியியல் தொழிற்பிரிவுகளில் பெண்கள் எப்போதுமே குறைவு. வடிவமைப்பு பொதுப்பாடமானால்தான், தைக்கும் மேசைக்கு அப்பால் வரையும் மேசையும் உண்டு என்பது அவர்களுக்குப் பள்ளிப் பருவத்திலேயே தெரியவரும்.

வெளிநாட்டு அனுபவத்தில் இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். இங்கிலாந்து 1990 முதல் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடத்தைத் தேசியப் பாடத்திட்டத்தில் எல்லார்க்கும் கட்டாயமாக்கியது. 14 வயதுக்கு மேற்பட்டவர்க்கு அது கட்டாயமில்லை என்று 2004இல் ஆனபின் தேர்வெழுதுவோர் எண்ணிக்கை சரிந்தது. இலங்கை 2013இல், நம் மேல்நிலைக்கு இணையான உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவைத் தொடங்கி, பொறியியல் தொழினுட்பவியலைத் தமிழிலும் கற்பித்தது. பிரிவு முட்டுச்சந்தாகிவிடாமல் பல்கலைக்கழகங்களில் தொழினுட்பப் பீடங்களையும் அமைத்தது. கிளிநொச்சியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடம் அவற்றுள் ஒன்று. மேற்படிப்புக்கு வாசல் திறந்த இலங்கையின் முறை நமக்கு வேண்டும். எல்லார்க்கும் என்று தொடங்கிய இங்கிலாந்தின் நோக்கமும் வேண்டும்.

இங்கே நடக்கும் முயற்சிகளில், ஒன்றிய அரசு 2016இல் பள்ளிகளுக்காகத் தொடங்கிய அடல் ஆய்வகங்கள் முப்பரிமாண அச்சு எந்திரமும் ரோபோ பெட்டிகளும் தருகின்றன. தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு மட்டும் அவை போகின்றன என்பது ஒரு குறை. பெட்டியோடு விடையும் வந்துவிடுவது அதைவிடப் பெரிய குறை. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2022இல் வந்த, தமிழ்நாடு அரசின் அறிவியல் செய்முறைத் திட்டமான வானவில் மன்றம் எளிய பொருள்களோடு எல்லா அரசுப் பள்ளிக்கும் போக முயல்வதால், கட்டி எழுப்பத் தக்க அடித்தளம் அதுவே என்பேன்.

யார் கற்பிப்பது? மேல்நிலையில் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வுபெற்றதும் பிரிவையே மூடுவது பல பள்ளிகளில் நடந்திருக்கிறது. கலை, உடற்கல்வி, தொழிற்கல்விக்கென்று 2012இல் நியமிக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாயில், வாரம் மூன்று அரைநாள் வேலையில் தொடங்கினார்கள். அவர்களில் தொழிற்கல்வி ஆசிரியர்களை முழுநேரமாக்கி, ஓராண்டு வடிவமைப்புப் பயிற்சி தருவதிலிருந்து தொடங்கலாம். அரியலூரிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி இருக்கிறது; பயிற்சிக்கு அதன் பட்டறையைக் கோடை விடுமுறையில் திறந்துவிடலாம். மதிப்பெண் இல்லாத பாடத்தின் கதி கைத்தொழில் வேளையில் தெரிந்துவிட்டதால், தேர்விலும் இடம் வேண்டும். பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் இப்போதே உண்டு. அதில் பத்தை, மாணவர் தாமே தேர்ந்து, செய்து, சோதித்த ஒரு பொருளுக்கும், அது முதலில் எங்கே தவறியது என்று எழுதிய குறிப்பேட்டுக்கும் ஒதுக்க, பாடத்திட்டக் குழுவின் ஒரு தீர்மானம் போதும்.