வன்னியன் என்னும் பெயர்

ஸ்கொத்லாந்து வரலாற்றைக் கற்போர் ஒரு தடுமாற்றத்துக்கு ஆளாவதுண்டு. மக்டொனல்ட் என்ற பெயருடன் ஒருவரல்லர், பலர் எதிர்ப்படுவர். 'மக்' என்பது மகன் எனப் பொருள்படும். டொனல்டின் வழிவந்தோர் மக்டொனல்ட் ஆயினர். குருதித் தொடர்பில்லாதோரும் தலைவனை அண்டி வாழ்ந்து அவன் பெயரைச் சூடினர்.

வன்னிப் பெருநிலத்தின் வரலாற்றிலும் இத்தகைய தடுமாற்றம் உண்டு. கைலாய வன்னியன், பண்டார வன்னியன் என ஒரே பெயர் பலரைத் தொடர்கின்றது. ஆட்சி நடத்திய பெண்டிர் வன்னிச்சி எனப்பட்டனர். ஆயின் ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. அங்கே பெயர் குடியைக் குறித்தது. இங்கே பதவியைக் குறித்தது. பனங்காமம், முள்ளியவளை, கருநாவற்பற்று, மேல்பற்று முதலிய பகுதிகளை ஆண்டு, யாழ்ப்பாண மன்னர்க்கும், பின்னர் போர்த்துக்கேயர்க்கும் ஒல்லாந்தர்க்கும் யானைகளைத் திறையாக அளித்த தலைவரே வன்னியர் ஆவர்.

திறை அளிப்பது வேறு, அடிபணிவது வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பனங்காமத்துக் கைலாய வன்னியன் ஒல்லாந்த அதிகாரிகள் முன் நேரில் தோன்ற மறுத்தான். பொறுமை இழந்த ஒல்லாந்தர், 1780களில் படை நடத்தி வன்னியைத் தம் நேராட்சிக்கு உட்படுத்தினர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர்.

ஸ்கொத்லாந்தின் குடித்தலைவர்க்கும் இக்கதி முன்னரே நேர்ந்திருந்தது. 1746இல் கலோடன் போர்க்களத்தில் மலைநாட்டுப் படை தோற்றது. மறு ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் தலைவரின் பரம்பரை நீதி அதிகாரத்தைப் பறித்தது. அரை நூற்றாண்டு கழிந்தபின், 1803இல் கண்டிமீது படை நடத்திய ஆங்கிலத் தளபதி மக்டொவல் என்னும் ஸ்கொத்லாந்துப் பெயரைத் தாங்கியவர் என்பது வரலாற்றின் விந்தையாகும்.

கண்டியில் விடப்பட்ட ஆங்கிலக் காவற்படை அவ்வாண்டு யூன் மாதத்தில் அழிந்தது. அவ்வேளையில் பண்டார வன்னியன் கிளர்ந்தெழுந்தான். ஓகஸ்ட் 25ஆம் நாள் முல்லைத்தீவைத் தாக்கி, கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையை வெளியேற்றினான். ஆங்கிலேயர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என முத்திசையிலிருந்தும் படை அனுப்பினர். ஒக்டோபர் 31ஆம் நாள், ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில் டிறிபேர்க் அவனைத் திடீரெனத் தாக்கி வென்றான்.

அவ்விடத்தில் நாட்டப்பட்ட கல், பண்டார வன்னியன் அந்நாளில் தோற்கடிக்கப்பட்டான் என்று மட்டுமே கூறிற்று. அவன் அங்கே வீழ்ந்தான் என மக்கள் பலர் நம்புவதுண்டு. கல் அவ்வாறு உரைக்கவில்லை. வென்றவனைப் போற்றவே அக்கல் எழுந்தது. எனினும் வன்னி மக்கள் தோற்றவனையே நினைவிற் கொண்டனர். வவுனியா நகரில் அவனுக்குச் சிலையும் எழுப்பினர். வன்னியன் என்னும் பதவி என்றோ மறைந்தது. அப்பதவியின் பெயரோ, இன்று ஒரு வீரனின் பெயராக நிலைபெற்றுள்ளது.